முதல் பக்கத்துச் சிவப்பு மை

என் பெயர் தீர்த்தகிரி. நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்கு முட்டை அட்டை விற்கிறேன். பில் எழுதுவதற்குத் தவிர வேறு எதற்கும் நான் பேனாவைத் தொடுவதில்லை. தொடவும் கூடாது. ஏன் கூடாது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

போன தை மாதம் எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. அனுப்பியது ‘நாவல்–திரை ஒப்புமை வாரியம், மேற்கு மண்டலம்’. அப்படி ஒரு வாரியம் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஒரு நாவலைப் படமாக எடுத்தால், அந்தப் படம் நாவலுக்கு எத்தனை விழுக்காடு விசுவாசமாக இருக்கிறது என்று அளந்து சான்றிதழ் கொடுப்பது அதன் வேலையாம். கடிதம் இப்படிப் போனது:

“திருமதி சௌந்திரம் எழுதிய ‘வெள்ளைத் தொட்டி’ என்னும் துப்பறியும் நாவல் இதுவரை ஒரு சினிமாவாகவும், ஒரு தொலைக்காட்சித் தொடராகவும், ஒரு வெப் சீரிஸாகவும் வந்துள்ளது. மூன்றையும் மூலத்தோடு ஒப்பிடும் குழுவில் தாங்கள் வாசகர் பிரதிநிதியாக நியமிக்கப்படுகிறீர்கள். அச்சான முந்நூறு பிரதிகளில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. தங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இருந்த அந்தப் பிரதியின் தேதிச் சீட்டில், உறுப்பினர் எண் 214 ஆகிய தாங்கள் ஏழு முறை அதை எடுத்துச் சென்றது பதிவாகியிருக்கிறது. வேறு எவரும் ஒரு முறைக்கு மேல் எடுக்கவில்லை.”

என் மனைவி சித்ரா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு வாயைப் பிளந்தாள்.

“ஏழு தடவையா! நம்ம கல்யாணப் பத்திரிகையவே முழுசாப் படிக்காத ஆளு நீங்க. பெரிய படிப்பாளியா இருந்திருக்கறீங்க, எங்கிட்டச் சொல்லவே இல்லையே!”

கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். தொண்ணூற்றிரண்டாம் வருடம் எனக்குப் பத்தொன்பது வயது. துப்பறியும் நாவல் என்றால் உயிர். ஆனால் எங்கள் ஊர் நூலகத்தில் எதை எடுத்தாலும், எவனோ ஒரு புண்ணியவான் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரை எழுதி வைத்திருப்பான். ‘டாக்டர்தான் கொன்றது.’ ‘தங்கச்சி புருசன், நம்பாதே.’ இப்படி இருபது முப்பது புத்தகங்கள் எனக்கு நாசமாயின. அவனை மட்டும் கையில் பிடித்திருந்தால் நானே ஒரு கொலைக் கேஸில் உள்ளே போயிருப்பேன்.

அந்தச் சமயத்தில் ‘வெள்ளைத் தொட்டி’ வந்தது. புதுப் புத்தகம், முதல் பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. ஒரே நாளில் படித்து முடித்தேன். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை முதலாளி ஒருவர், மரவள்ளிக் கிழங்கு மாவு படியும் தொட்டியில் பிணமாகக் கிடக்கிறார். ஆலையில் கிழங்குத் தோல் சீவும் மாரக்காள் மீது ஊரே பழி போடுகிறது. அவள் ஏழை, வாயாடி, முதலாளியை எதிர்த்துப் பேசியவள். இந்த மூன்று காரணங்களும் ஊருக்குப் போதுமானதாக இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில்தான் அவள் கொல்லவில்லை என்று தெரிகிறது. கொன்றது யார் என்று இங்கே சொல்லமாட்டேன். பட்டது போதும்.

படித்து முடித்ததும் எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது. என் இருபது முப்பது புத்தகங்களைக் கெடுத்தவன் இதையும் எடுப்பான், அவனை ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து, முதல் பக்கத்தின் தலைமாட்டில், ‘கொலைகாரி மாரக்காள்தான். இதுக்கு மேல படிக்க வேண்டாம். நேரம் மிச்சம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை ஆறு முறை எடுத்தேன். படிப்பதற்காக இல்லை. எவனாவது ஏமாந்து பதில் எழுதியிருக்கிறானா என்று பார்ப்பதற்காக. எழுதியிருந்தார்கள். அந்தத் தாளின் பின்புறம் ‘நன்றி சார்’ என்று ஒருவன். ‘நூத்துக்கு நூறு கரெக்ட்’ என்று இன்னொருவன். மூன்றாவதாக ஒருவன் ‘நானும் அப்பவே நெனச்சேன்’ என்று எழுதியிருந்தான். ஒரு வாரம் சிரித்தேன். பிறகு கல்யாணம், வியாபாரம், முட்டை அட்டை என்று எல்லாவற்றையும் மறந்து போனேன்.

வாரியத்தின் அலுவலகம் நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் இருந்தது. கீழே தகரத்தைத் தட்டும்போதெல்லாம் மேலே பேச்சு நிற்கும். தலைவர் முனைவர் நவநீதகிருஷ்ணன் அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் லேசாகத் தலை வணங்குவார். செயலாளர் மைதிலி அம்மா எல்லாவற்றுக்கும் படிவம் வைத்திருந்தார். திரை வல்லுநர் தீனதயாளன், ஒரு காலத்தில் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர்கள் மூவரும் நானும்தான் குழு.

முதல் கூட்டத்தில் தலைவர் எழுந்து பேசினார்.

“இந்த நாவலை நான் வாசிக்கவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். வாசித்தால் நாவலின் மீது ஒரு பிரியம் வந்துவிடும். பிரியம் வந்தால் தீர்ப்பு சாய்ந்துவிடும். இந்த வாரியம் தோன்றிய பதினோரு ஆண்டுகளில் நாற்பத்தாறு நாவல்களை ஒப்பிட்டிருக்கிறோம். ஒன்றைக்கூட வாசித்ததாக எங்கள் மீது யாரும் விரல் நீட்ட முடியாது.”

கீழே தகரம் முழங்கியது. தலைவர் வணங்கினார்.

பிறகு மூலநூலைக் கொண்டு வந்தார்கள். அது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்கு அரக்கு முத்திரை. மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி என்பதால் தொடக் கூடாதாம், பார்வைக்கு மட்டும் முதல் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். அதைப் படம் பிடித்துச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள்.

என் கையெழுத்து எட்டடி உயரத்தில் சுவரில் நின்றது.

‘கொ’வுக்கு நான் போடும் அந்தக் கோணல் கொம்பு, ‘ள்’ளின் நீட்டல், எல்லாம் அப்படியே இருந்தது. வேட்டியை அவிழ்த்து நடுத்தெருவில் நிறுத்தியது போல எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

“ஆசிரியரே தம் கைப்பட எழுதிய முன்குறிப்பு,” என்றார் தலைவர். “கதையின் சாரத்தை மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ‘நேரம் மிச்சம்’ என்பது எவ்வளவு பெரிய தத்துவம்! படம் எடுத்த மூன்று நிறுவனங்களும் இந்தப் பக்கத்தைத்தான் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போய்க் கதை செய்திருக்கின்றன.”

“அப்ப மத்த பக்கமெல்லாம் ஆருமே பாக்கலீங்களா?” என்று கேட்டேன்.

“அதான் மேல படிக்க வேண்டாம்னு ஆசிரியரே சொல்லிட்டாங்களேங்க,” என்றார் மைதிலி அம்மா.

அடுத்த இரண்டு மாதம் மூன்று படைப்புகளையும் போட்டுப் பார்த்தோம். சினிமாவில் சேகோ ஆலை ஊட்டியில் இருந்தது. கதாநாயகனுக்கு வெயில் ஆகாதாம். மாரக்காள் கையில் அரிவாளோடு ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டு முதலாளியை வெட்டினாள். தொலைக்காட்சித் தொடர் அறுநூற்று நாற்பது பகுதி. அதில் மாரக்காளுக்கு ஒரு இரட்டைப் பிறவி உண்டு. இரண்டு பேரும் தனித்தனியாக அதே முதலாளியைக் கொன்றார்கள். வெப் சீரிஸ் முழுக்க இருட்டு. யார் யாரைக் கொல்கிறார்கள் என்று தெரியவில்லை, எல்லோரும் கெட்ட வார்த்தை பேசுவது மட்டும் கேட்டது. கடைசியில் விளக்கைப் போட்டபோது மாரக்காள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாவலின் பின்னட்டையில் ஒரு எருமைப் படம் உண்டு. சினிமாவில் எருமைக்குப் பதில் நாய். தொடரில் பசு. வெப் சீரிஸில் இருட்டுக்குள் ஏதோ ஒன்று செருமியது. இதற்கு மட்டும் நான்கு அமர்வுகள் ஆயின.

“நாய்க்கும் நாலு கால், எருமைக்கும் நாலு கால். அரை மார்க் போடலாமுங்க,” என்றார் தீனதயாளன் கண்ணைத் திறக்காமல்.

“கொம்பு?” என்றார் தலைவர்.

கொம்புக்கு ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது.

அதற்கு அடுத்த அமர்வுக்குச் சௌந்திரம் அம்மா வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். ஆட்டையாம்பட்டிப் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வெளுத்த நூல் சேலை, கையில் ஒரு மனு. சான்றிதழ் கொடுக்க வேண்டாம் என்று கேட்க வந்திருந்தார்.

“எங்கம்மா பேரு மாரக்காளுங்க,” என்றார். “நெசமாவே சேகோ ஆலைல கெழங்கு சீவுனவங்க. மொதலாளி தொட்டில செத்துக் கெடந்தப்ப பதினோரு நாளு டேசன்ல வெச்சிருந்தாங்க. அப்பறம் அவங்க மேல தப்பில்லைன்னு உட்டுட்டாங்க. ஊரு உடலைங்க. சாகற வரைக்கும் கொலகாரின்னுதான் கூப்புட்டாங்க. அவங்க கொல்லலைன்னு ஒரு எடத்துலயாவது அச்சுல இருக்கட்டும்னுதாங்க இந்த நாவல எழுதுனேன். மூணு படத்துலயும் அவங்களையே கொலகாரி ஆக்கிப்போட்டாங்க. இப்ப எங்க ஊட்டு முன்னால வந்து நின்னு போட்டோ புடிக்கறாங்க. நீங்களும் சான்றிதழ் குடுத்துட்டா, அதுதான் நெசம்னு ஆயிப்போயிருமுங்க.”

எதற்கோ விளையாட்டாகக் கிறுக்கிய ஒரு பெயர். அது ஒருத்தியின் அம்மா.

“அம்மா, முன்குறிப்பில் நீங்களே எழுதியிருக்கிறீர்களே?” என்று சுவரைக் காட்டினார் தலைவர்.

“அது நான் எழுதுனதில்லைங்க. எந்தப் பாவி எழுதுனானோ.” பிறகு என் பக்கம் திரும்பினார். “இவரு ஏழு தடவ படிச்சவராமுங்க. இவரக் கேளுங்க. கடைசிப் பக்கத்துல என்ன இருக்குதுன்னு இவருக்குத் தெரியும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

“ரொம்ப நாளாச்சுங்க,” என்றேன். “ஞாபகம் இல்லீங்க.”

சௌந்திரம் அம்மா மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மைதிலி அம்மா, ‘வாசகர் பிரதிநிதி எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை’ என்று குறித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அட்டைக் கட்டை எண்ணினால் பாதியில் மறந்து போகும். “என்னங்க, சுகர் கிகர் பாக்கலாமா?” என்று சித்ரா கேட்டாள். அவளிடமும் சொல்ல முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பைக்கை எடுத்துக்கொண்டு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று சௌந்திரம் அம்மா வீட்டுக்குப் போனேன்.

வீட்டு வாசலில் நான்கு பேர் செல்போனோடு நின்றிருந்தார்கள். “அண்ணா, கொலகாரி மாரக்காள் ஊடு இதுதானுங்களா?” என்று என்னையே கேட்டான் ஒருவன். “போங்கடா அக்கட்ட!” என்று கத்தினேன். ஓடிவிட்டார்கள். அந்த ஒரு கத்தலுக்கே சௌந்திரம் அம்மா என்னை நல்லவன் என்று நினைத்துவிட்டார்.

“வாங்க சாமி, சித்தெ உக்காருங்க. மோர் கொண்டாரேன்.”

மோர் வந்தது. பெருங்காயமும் கொத்துமல்லியும் போட்ட நல்ல மோர்.

“ஞாபகம் இல்லைன்னு சொன்னதுக்கு வருத்தப்பட்டுத்தான வந்தீங்க? போச்சாது உடுங்க, முப்பது வருசம் ஆச்சுதல்ல,” என்றார். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அந்தக் காலத்துல உங்க ஊரு நூலகத்துக்கு அப்பப்ப வருவேனுங்க. புஸ்தகத்தப் பின்னால தொறந்து தேதிச் சீட்ட மட்டும் பாத்துப்போட்டு வெச்சிருவேன். முன்னால தொறக்க வெக்கமா இருக்கும், நம்ம எழுதுனதாச்சே. இருநூத்திப் பதினாலு, இருநூத்திப் பதினாலுன்னு ஏழு தடவ இருந்துதுங்க. மிச்சப் புஸ்தகமெல்லாம் எனக்குக் கரையான் தின்னு போச்சு. மேல எழுதவும் இல்லை. ஆனா ஆரோ ஒருத்தர் நம்மள ஏழு தடவ படிச்சாருன்னு நெனச்சா, பட்ட வெசனம் பாதி கொறஞ்சிரும்.”

மோரை ஒரே மடக்காக விழுங்கினேன். டம்ளரை வைத்துவிட்டு “வாரேனுங்க” என்று எழுந்து வந்துவிட்டேன். சொல்லவில்லை. பைக்கைச் சங்ககிரி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்விட்டுத்தான் வழி தப்பி வந்திருப்பதே எனக்குத் தெரிந்தது.

கடைசி அமர்வு பங்குனியில். தீர்ப்பு நாள் என்பதால் சௌந்திரம் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். சினிமாவுக்குத் தொண்ணூற்றொன்று விழுக்காடு, இருட்டைக் கழித்து வெப் சீரிஸுக்கு எண்பது, தொடருக்குத் தொண்ணூற்றாறு, ஏனென்றால் அதில் மாரக்காள் இரண்டு முறை கொன்றாள். தலைவர் சான்றிதழில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். அந்தப் பேனாவைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. எழுந்து போய்க் கண்ணாடிப் பெட்டியின் அரக்கை உடைத்தேன். புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து, உரக்க வாசித்தேன். யார் கொன்றது, ஏன் கொன்றது, மாரக்காள் எப்படி வெளியே வந்தாள், எல்லாவற்றையும் வாசித்தேன். தீனதயாளன் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணைத் திறந்தார்.

“அந்தச் சிவப்பு மை ஆசிரியரு எழுதுனதில்லைங்க,” என்றேன். “நான் எழுதுனது. பத்தொம்பது வயசுல, ஒருத்தன ஏமாத்தோணும்னு பொய்யா எழுதிப்போட்டேன். என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க.”

கீழே பட்டறையில்கூடச் சத்தம் இல்லை. தலைவர் எழுந்தார்.

“இது வரலாற்றுச் சிறப்புமிக்க தருணம்,” என்றார். “மூன்று படைப்புகள் மாரக்காள் கொன்றாள் என்கின்றன. ஒரே ஒரு படைப்பு, அதாவது இந்த நாவல், கொல்லவில்லை என்கிறது. மூன்று பெரிதா, ஒன்று பெரிதா? கோடிப்பேர் பார்த்த கதையிலிருந்து ஒரு புத்தகம் தன்னிச்சையாக விலகி நிற்கிறது. மைதிலி, நாவலுக்கு மதிப்பெண் என்ன வருகிறது?”

மைதிலி அம்மா படிவத்தைத் திருப்பிப் போட்டுக் கூட்டினார். “முப்பத்தெட்டு விழுக்காடுங்க. எருமை மார்க்கையும் சேத்தி.”

“நாவல் தன் திரைவடிவங்களுக்கு விசுவாசமாக இல்லை என்று இந்த வாரியம் வருத்தத்தோடு தீர்மானிக்கிறது. வாரியமே நாவலின் திருத்திய பதிப்பை வெளியிடும். அதில் முடிவு சரிசெய்யப்படும். மேலும், மூன்று படைப்புகளுக்கும் உண்மையான கதையை வழங்கியவர் திரு. தீர்த்தகிரி என்பது இன்று நிரூபணமாகியிருப்பதால், அவரை இணை மூல ஆசிரியராக அறிவிக்கிறோம்.”

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டாமென்று கையால் தள்ளினேன். அடக்கம் என்று சொல்லி இன்னொன்று போர்த்தினார்கள்.

இரண்டு பொன்னாடையோடு நான் நிற்க, சௌந்திரம் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குத் தப்பாய் வந்த பிள்ளையிடம் கேட்பது போல மெதுவாகக் கேட்டார்.

“ஏழு தடவையும் அதுக்குத்தானுங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்காகவாவது சொல்லியிருக்கலாம்.

“மொதத் தடவ மட்டும் படிச்சேனுங்க,” என்றேன். “ஒரே நாள்ல படிச்சேன். மத்த ஆறு தடவையும் அதுக்குத்தானுங்க.”

அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து படியிறங்கிப் போனார்.

திருத்திய பதிப்பு ஆடியில் வந்தது. ஆயிரம் பிரதிகள், எல்லா ஊர் நூலகத்துக்கும். எங்கள் ஊர் நூலகத்துக்குப் போய் ஒன்றைத் திறந்தேன். தலைவரின் முன்னுரை பதினெட்டுப் பக்கம். முதல் பக்கத்தில் என் கிறுக்கல் அப்படியே, சிவப்பு மையிலேயே, ‘முன்குறிப்பு’ என்ற தலைப்போடு அச்சாகியிருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

கடைசிப் பக்கம் பழையபடியே இருந்தது. ஒரு எழுத்து மாறவில்லை.

முடிவைத் திருத்த வேண்டுமென்றால் யாராவது அதைப் படிக்க வேண்டும். அதற்கென்று அமைத்த துணைக்குழு இன்னும் கூடவில்லையாம். தட்டச்சு செய்தவர் எழுத்தைப் பார்த்தாரே தவிர கதையைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாரியத்தை வாயார வாழ்த்தினேன்.

அன்றிலிருந்து முட்டை அட்டை இறக்கப் போகிற ஊரிலெல்லாம் நூலகத்துக்குள் நுழைகிறேன். பேனாவைத் தொடக் கூடாதுதான். இதற்கு மட்டும் தொடுகிறேன். அச்சான என் வரியை ஒரே கோடாக அடித்துவிட்டு, அதன் கீழே, ‘இது பொய். எழுதியவன் நான்தான். மாரக்காள் கொல்லவில்லை. — தீர்த்தகிரி, உறுப்பினர் எண் 214’ என்று நீல மையில் எழுதுகிறேன். பள்ளிபாளையத்தில் ஒரு அம்மா பார்த்துவிட்டு, “பெரிய மனுசன் பண்ற வேலையா இது?” என்று திட்டினார். “இல்லீங்க, சின்னப் பையனா இருந்தப்பப் பண்ணுனதுங்க” என்றேன். அவருக்குப் புரியவில்லை. இதுவரைக்கும் அறுபத்திரண்டு பிரதிகள். ஆயிரத்துக்கு இன்னும் எவ்வளவு என்று நான் கணக்குப் போடுவதில்லை.

போன வாரம் ஓமலூருக்கு இரண்டாம் முறை போனேன். பழைய பழக்கம் விடவில்லை, எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தேன். என் நீல வரிக்குக் கீழே பென்சிலில் ஒரு வரி இருந்தது.

‘அப்ப யாருங்க?’

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடத்தில் ஒருவருக்கு அந்தக் கேள்வி வந்திருக்கிறது. நெடுநேரம் நின்றுவிட்டு, வெளியே வந்து சௌந்திரம் அம்மாவுக்குப் போன் செய்தேன். பங்குனிக்குப் பிறகு நான் செய்த ஒன்பது போன்களையும் அவர் எடுக்கவில்லை. இதை எடுத்தார். பென்சில் வரியைப் படித்துக் காட்டினேன்.

“பதிலு எழுதிட்டீங்களா?” என்றார்.

“இல்லீங்க. பேனா சட்டைப்பையிலதான் இருக்குதுங்க.”

“அங்கியே இருக்கட்டும்,” என்றார். “அவங்க படிச்சுக்குவாங்க.”